குதிரை வைத்தியம் படிக்கும் பிள்ளைகள்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் கால்நடை டாக்டர் ஒருவர் ஆற்றிய உரை)



மாடு, ஆடு, கோழி பற்றி இந்த நேரத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்றைக்குக் குதிரையையும் கழுதையையும் பற்றிப் பேசப் போகிறேன். "நம்ம ஊருல ஏதுங்க குதிரை?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். 1782ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் ஆரணிக்குப் பக்கத்தில் மோதிக்கொண்டன. அன்றைக்கு இந்தப் பக்கத்து மண்ணில் ஆயிரக்கணக்கான குளம்பு பட்டிருக்கும். அப்புறம் ஜட்கா வண்டிக் காலம் வந்தது. அதுவும் போய், இப்போது கல்யாணத்துக்குச் சாரட்டு வண்டி இழுக்கும் குதிரைகளும், துணி மூட்டை, செங்கல், மணல் சுமக்கும் கழுதைகளும்தான் மிச்சம்.

நாடு முழுக்கவே கதை இதுதான். 2012ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரையும் மட்டக்குதிரையுமாகச் சுமார் ஆறேகால் லட்சம் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது மூன்றரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கழுதை இன்னும் மோசம். சுமார் மூன்று லட்சத்து இருபதாயிரம் இருந்தது, ஒன்றேகால் லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? அதுக்கு வைத்தியம் தெரிந்தவர்களும் குறைந்துபோவார்கள். ஒரு கழுதையை நம்பி ஒரு குடும்பம் பிழைக்கிறது. அது படுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் குதிரை வைத்தியத்தைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், அதிலே உங்களுக்கு என்ன பங்கு என்பதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் செய்த தவறு

முதலில் என் கதை ஒன்று. நான் படிப்பு முடித்து வேலைக்கு வந்த புதிது. ஒருநாள் காலையில் சேவூரிலிருந்து ஒரு சலவைத் தொழிலாளி தன் கழுதையை நடத்திக்கொண்டு வந்தார்.

"டாக்டரய்யா, நேத்துலேருந்து தீனியைத் தொட மாட்டேங்குது. மத்தபடி ஒண்ணும் இல்லீங்க."

பார்த்தேன். கழுதை அமைதியாக நின்றது. உருளவில்லை, உதைக்கவில்லை, முனகவில்லை. காய்ச்சலும் பெரிதாக இல்லை. வாசலில் கன்று போட முடியாமல் ஒரு மாடு காத்திருந்தது. ஒரு சத்து ஊசியைப் போட்டு, "சரியாப் போயிடும் பெரியவரே, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். "போயிடுச்சுங்கய்யா" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அது வாயை விட்டுச் சொல்லலையே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அந்தச் சொல்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஏனென்றால் அந்தக் கழுதை சொல்லத்தான் செய்தது. எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை.

கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. குதிரைக்கு வயிறு வலித்தால் தரையில் உருண்டு புரளும். கழுதையோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். அதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. கழுதை தீனியை நிறுத்தினால், உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போய்ச் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கொழுத்த கழுதைக்கும், சினைக் கழுதைக்கும், பால் கொடுக்கும் கழுதைக்கும் இது அதிகம். ஆகவே "தீனி தின்னவில்லை" என்பது மாட்டுக்கு ஒரு அறிகுறி, கழுதைக்கு அதுவே அவசரம். நான் படித்த காலத்தில் கைவைத்துப் பார்த்த கழுதைகள் இரண்டே இரண்டு. புத்தகத்தில் படித்தது கைக்கு வந்து சேரவில்லை.

குதிரையிலிருந்து பிறந்த படிப்பு

வேடிக்கை என்னவென்றால், கால்நடை மருத்துவப் படிப்பு வளர்ந்ததே குதிரையைச் சுற்றித்தான். 1762ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அதை ஆரம்பித்த கிளாட் பூர்ஷெலா என்பவர் அந்த ஊர்க் குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். அந்தக் காலத்தில் படைக்கும் பயணத்துக்கும் ஏர் உழவுக்கும் குதிரைதான். குதிரை செத்தால் அரசாங்கமே ஆட்டம் காணும்.

நம் நாட்டுக்கும் அசுவ சாஸ்திரம் புதிதல்ல. குதிரையின் லட்சணமும் வைத்தியமும் சொல்லும் பழைய சுவடிகள் நம்மிடம் இருந்தன. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கியது. பிறகு வேப்பேரிக்கு மாறியது. 1936ல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பட்டப்படிப்பு அங்கேதான் வந்தது. 1989ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைந்து, அந்தக் கல்லூரியும் நாமக்கல் கல்லூரியும் அதன் கீழ் வந்தன. பிறகு ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள் பெருகின.

இன்றைக்குப் படிப்பு மொத்தம் ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடமும் செய்முறையும். மீதி ஒரு ஆண்டு முழுக்க நேரடிப் பயிற்சி. உங்கள் ஊர் மருந்தகத்தில் டாக்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல பேர் அந்தப் பயிற்சியில் இருப்பவர்கள்தான்.

மாடு வேறு, குதிரை வேறு

நம் கல்லூரிகளில் மாட்டை அடிப்படையாக வைத்து உடற்கூறு சொல்லிக்கொடுத்து, குதிரை எங்கெங்கே வேறுபடுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த வேறுபாடு சாமானியமானதல்ல.

மாட்டுக்கு நாலு அறை கொண்ட வயிறு. பெரிய அறை மட்டும் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். குதிரைக்கு ஒரே வயிறு. அது எட்டு லிட்டரிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். மாடு தின்றதை மேலே கொண்டுவந்து அசைபோடும். குதிரையால் அசைபோடவும் முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுக்குள் போனது ஒரே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் வயிறு உப்பிக் கிழிந்தே போகலாம். குதிரைக்குப் பித்தப்பை என்பதே கிடையாது. இப்படி ஒவ்வொன்றும் வேறு. மாட்டு வைத்தியத்தை அப்படியே குதிரைக்குச் செய்தால் அது வைத்தியம் ஆகாது.

முதல் பாடம்: கிட்டே போவது

குதிரைப் பயிற்சியில் முதல் பாடம் மருந்து இல்லை, ஊசி இல்லை. கிட்டே எப்படிப் போவது என்பதுதான். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. நேர் பின்னால் நிற்பவரை அது பார்க்க முடியாது. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வது: இடது தோள் பக்கமாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ. முதலில் கழுத்தில் கை வை. அங்கிருந்து கையை எடுக்காமல் முதுகு, இடுப்பு என்று நகர்த்து. பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காதே. காதைக் கவனி. காது பின்பக்கம் மடிந்தால் எச்சரிக்கை என்று அர்த்தம்.

மாட்டைப் பிடிக்க மூக்கணாங்கயிறு உண்டு. குதிரைக்குத் தலைக்கயிறு, கடிவாளம். ரொம்ப முரண்டு பிடித்தால் மேலுதட்டில் கயிற்றைச் சுற்றி மெதுவாக முறுக்கிப் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதையும் கொஞ்ச நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பயப்படும் பிள்ளையின் கை நடுங்கினால் குதிரைக்குத் தெரிந்துவிடும். இதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. குதிரைதான் கற்றுத்தர வேண்டும்.

இரண்டாம் பாடம்: எண்ணுவது, கேட்பது

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. தாடையெலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28லிருந்து 44 வரை நாடி. மூச்சு 8லிருந்து 16. உடம்புச் சூடு 99½ டிகிரியிலிருந்து 101 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி. கழுதைக்கு நாடியும் மூச்சும் கொஞ்சம் கூடுதல். வயிற்றுவலி வந்த குதிரைக்கு நாடி அறுபதைத் தாண்டினால் நிலைமை மோசம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஈறு. நல்ல குதிரைக்கு ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள்.

அப்புறம் வயிற்றின் இரண்டு பக்கமும், மேலும் கீழும் ஆக நாலு இடத்தில் குழாய் வைத்துக் குடல் இரைச்சலைக் கேட்பது. நல்ல குதிரையின் குடல் சும்மா இருக்காது. சத்தமே இல்லை என்றால் அதுதான் கவலை. ஒரு பிள்ளை நோயில்லாத குதிரைகளின் வயிற்றை நிறையக் கேட்டிருந்தால்தான், நோயுள்ள வயிற்றின் மௌனம் அதற்குப் புரியும்.

மூன்றாம் பாடம்: குளம்பும் பல்லும்

"குளம்பு இல்லையேல் குதிரை இல்லை" என்பது குதிரைக்காரர்கள் எல்லா நாட்டிலும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியைச் சுத்தம் செய்து, அழுகல் வாடை அடிக்கிறதா, லாட ஆணி சதையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பழக்குவார்கள். இடுக்கி மாதிரி ஒரு கருவியால் குளம்பை இடம் இடமாக அழுத்தினால், வலிக்கும் இடத்தில் காலை இழுத்துக்கொள்ளும். தானியத்தை அளவுக்கு மீறித் தின்றுவிட்ட குதிரைக்குக் குளம்புக்குள்ளே வீக்கம் வந்து, முன்காலை நீட்டி வைத்துக்கொண்டு நடக்க முடியாமல் நிற்கும். இதைக் கால் நோய் என்று நினைத்துக் காலுக்கு மட்டும் பற்றுப் போட்டால் பிரயோசனமில்லை. தீனியில் ஆரம்பித்த வினை அது.

பல் அடுத்தது. குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும். தேய்மானம் ஒரே சீராக இல்லாவிட்டால் ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். குதிரை தீனியை மென்று மென்று கீழே உமிழும், நாளுக்கு நாள் இளைக்கும். அரம் போட்டு அந்தக் கூரைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதும் இதே பாடத்தில் வந்துவிடும்.

கடினமான பாடங்கள்

மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடுவது ஒரு பெரிய பாடம். வாந்தி எடுக்க முடியாத பிராணி அல்லவா, வயிற்றில் தேங்கியதை வெளியே எடுக்கவும், மருந்து உள்ளே விடவும் இதுதான் வழி. குழாய் உணவுக்குழலுக்குப் போகாமல் மூச்சுக்குழலுக்குப் போய்விட்டால் ஊற்றிய மருந்து நுரையீரலில் இறங்கி உயிரைப் பறிக்கும். சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு விதமாகச் சோதித்த பிறகுதான் ஒரு சொட்டு விட வேண்டும்.

ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்ப்பது இன்னொன்று. மாட்டைவிடக் குதிரைக்கு மலக்குடல் எளிதில் கிழியும். கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே மாட்டிலும் பொம்மை மாதிரி செய்த உருவத்திலும் கை பழகிய பிறகுதான் குதிரையிடம் விடுவார்கள். கழுத்து நரம்பில் ஊசி போடுவதும் அப்படித்தான். பக்கத்திலேயே பெரிய தமனி ஓடுகிறது. அதில் மருந்து ஏறினால் குதிரை அந்த இடத்திலேயே விழும்.

எங்கே பழகுவது?

ஊரில் குதிரை குறைந்துபோனால் பிள்ளைகள் எங்கே பழகுவார்கள்? சென்னையில் காவல்துறையின் குதிரைப்படை இருக்கிறது. மெரினாவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் குதிரைகள் இருக்கின்றன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரைகள். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் பல ஊர்க் குதிரைகள் வருகின்றன. ஒரே நாளில் பல ஜாதிக் குதிரையின் பல்லையும் குளம்பையும் நடையையும் பார்க்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அரியானாவில் ஹிசார் ஊரில் 1985ல் தொடங்கிய தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ராணுவத்திலும் குதிரைக்கும் கோவேறு கழுதைக்குமென்று கால்நடை மருத்துவப் பிரிவு ஒன்று மீரட்டைத் தலைமையாகக் கொண்டு இயங்குகிறது.

ஆனாலும் நூறு பிள்ளைகளுக்குப் பத்துக் குதிரை என்றால் போதாது. இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது.

உங்கள் பங்கு என்ன?

உங்கள் கழுதையோ குதிரையோ நோயில் விழுந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், சுற்றி நாலைந்து பிள்ளைகள் நிற்பார்கள். "படிக்கிற பசங்க கையில என் ஜீவனைக் கொடுக்கறதா?" என்று சிலர் கோபிப்பார்கள். கோபம் வேண்டாம். பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றுதான் செய்ய வைப்பார். அந்தப் பிள்ளை இன்றைக்கு உங்கள் கழுதையின் நாடியைப் பிடித்துப் பழகினால், நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொருவர் கழுதை பிழைக்கும். நான் அன்றைக்கு இழந்தது அதைத்தான்.

டாக்டர் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது லத்தி போட்டது, லத்தி கட்டியா இளக்கமா, தீனி மாற்றினீர்களா, நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் வினை.

இன்னொன்று. கழுதைகள் ஜோடி சேர்ந்து பழகும். ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தால் அந்த ஏக்கத்திலேயே தீனியை விட்டுவிடும். முடிந்தால் துணைக் கழுதையையும் கூடவே ஓட்டி வாருங்கள்.

டாக்டர் வரும்வரை

குதிரைக்கு வயிற்றுவலி என்றால் தீனியை உடனே எடுத்துவிடுங்கள். எண்ணெயோ கஷாயமோ மூங்கில் குழாயால் மூக்கிலும் வாயிலும் புகட்டாதீர்கள். மாட்டுக்குப் புகட்டுகிற பழக்கத்தில் செய்வதுதான், ஆனால் அது நேரே நுரையீரலுக்குப் போகலாம். உருண்டு அடிபடாமல் இருக்க மெதுவாகக் கொஞ்சம் நடத்தலாம். களைத்துப்போகும் வரை ஓட்டக் கூடாது. மனுஷருக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

கோழித் தீவனத்தைக் குதிரைக்கும் கழுதைக்கும் வைக்கவே வைக்காதீர்கள். கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் மொனென்சின் போன்ற மருந்தைக் கலப்பதுண்டு. கோழிக்கு அது மருந்து, குதிரைக்கு இருதயத்தைக் கெடுக்கும் விஷம்.

ஆணி குத்தினாலும், காயம் பட்டாலும் ரணஜன்னி வரும். வீட்டுப் பிராணிகளில் குதிரை ஜாதிக்குத்தான் அது சீக்கிரம் தொற்றும். காது விறைத்து, வாய் கட்டி, உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். தடுப்பூசி இருக்கிறது. முதலில் நாலிலிருந்து ஆறு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று என்று டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

விட்டு விட்டுக் காய்ச்சல், இளைப்பு, அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம் என்றால் சர்ரா நோயாக இருக்கலாம். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புவது இது. இந்த நோயின் கிருமியை 1880ல் அன்றைய பஞ்சாபில் கிரிபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை டாக்டர் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்தார். ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

மூக்கில் கெட்டியான சளி, மூக்குக்குள் புண், தோலில் வரிசையாகக் கட்டிகள் உடைந்து சீழ் வடிந்தால் அது கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோயாக இருக்கலாம். மனுஷருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். வெறுங்கையால் தொடாமல், அந்தப் பிராணியைத் தனியே கட்டிவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நோயைத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்து விற்றால் வாங்கியவர் வீட்டையும் சேர்த்துக் கெடுத்த பாவம் வரும்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை வண்டி பற்றித் தகவல் கிடைக்கும்.

அந்தச் சேவூர்ப் பெரியவர் பிறகும் என்னிடம் வந்தார், வேறொரு கழுதையோடு. இந்த முறை அவர் வாய் திறக்கும் முன்பே ஈறைப் பார்த்தேன், நாடியை எண்ணினேன், வயிற்றைக் கேட்டேன். பெரியதாக ஒன்றும் இல்லை, பல்தான் கூராகியிருந்தது. தேய்த்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே புல் கடித்ததாகச் சொல்லி அனுப்பினார்.

வைத்தியம் என்பது பிராணியின் பாஷையைக் கற்றுக்கொள்வது. பிள்ளைகள் அதைக் கற்க உங்கள் கொட்டடி வாசலைத் திறந்து வையுங்கள்.